முழு நூலுக்குக் காத்திராமல் பரிந்துரைகளைப் புதுப்பியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எந்த நோய்க்கு என்ன பரிசோதனை, எந்த மருந்து, எத்தனை நாள் என்று மருத்துவர்களுக்குச் சொல்லும் சிகிச்சை வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட பிடிஎஃப் கோப்பாகவே வருகின்றன. உள்ளே நான்கு பரிந்துரைகள் பழசாகிவிட்டாலும் அடுத்த பதிப்பு வரும்வரை அவையும் சேர்ந்தே புழங்குகின்றன. அமெரிக்க அரசு முகமை ஒன்றின் 17 வழிகாட்டுதல்களை ஆராய்ந்து 2001-ல் வெளியான கட்டுரை, 5.8 ஆண்டுகளில் பாதி காலாவதியாகிவிடும் என்று கணக்கிட்டது. மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு தேவை என்றும் அப்போதே சொன்னது.

முழுக் கோப்புக்கும் காத்திராமல் பரிந்துரைகளைத் தனித்தனியே புதுப்பிப்பதே சரி. கோவிட் மருந்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் அப்படித்தான் செய்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து பலன் தருகிறது என்ற ஆய்வு முடிவு 2020 ஜூனில் வந்தது. செப்டம்பர் 2-ல் ஸ்டீராய்டு பரிந்துரை தயார். மற்ற மருந்துகள் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இதற்கு ஒவ்வொரு பரிந்துரைக்கும் தனி எண் வேண்டும்; சான்றுகளைக் கடைசியாகத் தேடிய தேதியும் வேண்டும். வெளியிட்ட தேதி மட்டும் போதாது. தேடல் முடிந்து வெகுநாள் கழித்து வெளியாகும் வழிகாட்டுதல் பிறக்கும்போதே வயதானது.

வாசகமும் முக்கியம். ‘ரத்த அழுத்த நோயாளிகளைத் தகுந்த இடைவெளியில் கண்காணிக்கவும்’ என்றால் செவிலியர் எந்தத் தேதியைச் சீட்டில் எழுதுவார்? உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: மருந்தைத் தொடங்கினாலோ மாற்றினாலோ, இலக்கை எட்டும்வரை மாதம் ஒருமுறை, கட்டுக்குள் வந்தபின் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. யாருக்கு, எப்போது, எதுவரை என்ற மூன்றும் இதில் இருக்கின்றன.

சான்றையும் பரிந்துரையையும் தரம்பிரிக்கும் கிரேடு (GRADE) முறையில் சான்றின் உறுதிக்கு நான்கு நிலைகள்: உயர்வு, மிதம், குறைவு, மிகக் குறைவு. பரிந்துரையின் வலு இரண்டே வகை: திட்டவட்டமானது, நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாம் வகையில் நோயாளியுடன் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பிலோ சுருக்கத்திலோ இரண்டுமே ‘வேண்டும்’ என்று முடிந்துவிட்டால், மருத்துவருக்கு முடிவெடுக்க இருந்த இடமும் நோயாளிக்கு இருந்த உரிமையும் போய்விடுகின்றன. தமிழாக்கும்போது ஒன்றுக்கு ‘செய்ய வேண்டும்’, மற்றதற்கு ‘செய்யலாம்’ என்று முன்கூட்டியே வரையறுத்து, கடைசிப் பக்கம்வரை மாறாமல் எழுத வேண்டும்.

வழிகாட்டுதலைத் தயாரிக்கும் குழுவின் தலைவருக்கு மருந்து நிறுவனங்களுடன் பணத் தொடர்பு இருக்கக் கூடாது. உறுப்பினர்களில் அப்படிப்பட்டவர்கள் சிறுபான்மையாகவே இருக்க வேண்டும். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் (இன்றைய தேசிய மருத்துவ அகாதெமி) 2011-ல் வகுத்த இந்த விதியை எல்லாக் குழுக்களும் ஏற்கலாம். குழு முதன்முதலில் கூடுமுன்பே பணத் தொடர்பு விவரங்களை எழுதி வாங்குவது நல்லது. வரைவு முடிந்தபின் வாங்கினால் யாரையும் விலக்க முடிவதில்லை.

வழிகாட்டுதல்களைப் பகிர்வதில் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் தேசிய வழிகாட்டுதல் தொகுப்புத் தளம் நிதி நின்றதும் 2018 ஜூலையில் மூடப்பட்டது. ஒரே தளத்தை நம்பாமல் பிரதிகளைப் பல இடங்களில் வைக்க வேண்டும். மருந்தளவு அட்டவணைகளை மருத்துவமனைக் கணினி நேரடியாகப் படிக்கும் வடிவில் தர வேண்டும். பிடிஎஃப்-ஐப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது ஒரு புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்காகிவிடும். புதிய பரிந்துரை வரும் அன்றே பழைய பக்கத்தில் ‘விலக்கப்பட்டது’ என்று தேதியோடு குறித்து, புதியதற்கு இணைப்பும் தர வேண்டும்.

இப்படிக்கு,
சிகிச்சை வழிகாட்டுதல் தயாரிப்பில் ஈடுபட்டுள்ள மருத்துவர்கள்