கப்பல் பயணத்துக்கு மொய் எழுதியவர்களுக்கு

உசிலம்பட்டி, செல்லம்பட்டி, கருமாத்தூர் வட்டாரத்துச் சொந்தங்களுக்கும், மதுரையில் என்னுடன் பணிபுரியும் செவிலியர் அனைவருக்கும் வணக்கம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் நிற்கும் ஒரு மருத்துவமனைக் கப்பலுக்குத் தன்னார்வச் செவிலியாகப் போவதற்கான விமானச் சீட்டு நேற்று மாலை உறுதியாகிவிட்டது. நம்பியிருந்த தொகை கடைசி நேரத்தில் வராமல் போனதும், அதன்பின் எங்கள் வீட்டில் நடந்த பேச்சும் உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால் அவற்றை மறுபடி எழுதப் போவதில்லை. நிம்மதி வந்த அன்றே நன்றி சொல்லிவிட வேண்டும், நாள் கடந்தால் அது சம்பிரதாயமாகிவிடும் என்று தோன்றியதால் இரவுப் பணி முடிந்த கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வேலையும் செய்துவிட்டுச் செலவையும் நீயே பார்த்துக்கொள்ள வேண்டுமா, இது என்ன பிழைப்பு என்று என் அத்தை முதல் பஸ் நடத்துநர் வரை கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கப்பலை நடத்தும் மெர்சி ஷிப்ஸ் அமைப்பு 1978-இல் தொடங்கப்பட்ட காலத்திலிருந்தே தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கிறது. அறுவை மருத்துவரும் செவிலியரும் சமையற்கட்டில் நிற்பவரும் சம்பளம் வாங்காமல் பணியாற்றுவதால்தான் நோயாளியிடம் அறுவை சிகிச்சைக்குப் பணம் கேட்காமல் இருக்க முடிகிறது. வழிச்செலவு, காப்பீடு, கிண்டி கிங் நிலையத்துக்குப் போய்ப் போட்டுக்கொண்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, சம்பளமில்லா விடுப்பில் இருக்கும் மாதங்களுக்கான வீட்டுத் தவணை என்று எல்லாம் சேர்ந்துதான் உங்கள் முன்னால் நான் வைத்த தொகை.

நான் போகும் 'குளோபல் மெர்சி' 174 மீட்டர் நீளமுள்ள கப்பல். ஆறு அறுவை அரங்குகளும் சுமார் 200 படுக்கைகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. சியரா லியோன் நாட்டுத் தலைநகரான ஃப்ரீடவுனின் துறைமுகத்தில் அது நிற்கிறது. அந்த நாடு 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போரில் அடிபட்டு, எழுந்து நிற்பதற்குள் 2014-இல் எபோலாவிடம் சிக்கி, மருத்துவர்களையும் செவிலியரையும் பறிகொடுத்தது. உலகில் சுமார் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை கிடைப்பதில்லை என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2015-இல் சொன்னபோது, அந்த எண்ணிக்கையை என்னால் மனத்தில் பிடிக்க முடியவில்லை. தீக்காயப் பிரிவில் இத்தனை காலம் வேலை செய்த எனக்குப் புரிந்தது வேறு. வெந்த தோலுக்குச் சரியான நேரத்தில் ஒட்டுத்தோல் வைக்காமலும், மூட்டை நிமிர்த்திக் கட்டை வைத்துக் கட்டாமலும் விட்டுவிட்டால் தழும்பு இறுகி, மோவாய் நெஞ்சோடும் விரல்கள் உள்ளங்கையோடும் ஒட்டிக்கொள்கின்றன. இங்கே சில வாரங்களில் தடுத்துவிடக்கூடிய அந்தக் கோணலோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பிள்ளைகள்தான் அந்தக் கப்பலுக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் கட்டு மாற்ற எனக்குத் தெரியும். போவதற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

இனி நான் சொல்ல வந்த மனிதருக்கு வருகிறேன். அவர் பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். வட்டாரத்துக் கல்யாண வீடுகளில் மொய் எழுதிக் காலம் தள்ளியவர். மண்டபங்களில் கணினியில் தட்டி ரசீது கொடுக்கும் முறை வந்த பிறகு அவரைக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. என் பயணச் செலவுக்குப் பணம் திரட்டத் தோழிகள் ஏற்பாடு செய்த ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அவர் சாப்பிடத்தான் வந்திருந்தார்.

அன்று வாசலில் ஓர் உண்டியலும் செல்போனில் பணம் அனுப்புவதற்கான அட்டையும் வைத்திருந்தோம். வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், என்னை விசாரித்தார்கள், பந்திக்குப் போனார்கள். கொடுக்க மனமில்லாதவர்கள் அல்லர். கோயில் உண்டியல் தவிர வேறு உண்டியலில் காசு போட்டு நம் ஊரில் பழக்கமில்லை. போட்டால் என்னைக் கையேந்துபவளாக ஆக்கிவிடுவோமோ என்ற கூச்சம் அவர்களுக்கு. முதல் பந்தி எழுந்தபோது உண்டியலில் கிடந்தது எங்கள் தோழிகளே போட்ட நோட்டுகள்தான்.

பெரியவர் கை கழுவி வந்து உண்டியலை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எதிர்க் கடையில் ஒரு நீள நோட்டு வாங்கிவரச் செய்து, ஒரு மேசையை வாசலுக்கு இழுத்துப் போட்டு, பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் தன் ஊர், தகப்பனார் பெயர், தன் பெயர் எழுதி 101 ரூபாய் என்று பதிந்தார். அவ்வளவுதான், மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. நோட்டில் ஊரும் பெயரும் ஏறிவிட்டால் அது பிச்சையில்லை, செய்முறை, அதாவது பின்னால் திருப்பிச் செய்ய வேண்டிய மொய். கொடுத்தவருக்கு உரிமை உண்டு, வாங்கியவருக்குக் கடமை உண்டு, இருவருமே தலை நிமிர்ந்து நிற்கலாம்.

நான் நினைத்து நினைத்துக் கலங்குவது இதற்கடுத்து நடந்ததை. வழக்கம்போல ஒரு தம்பி மைக்கை எடுத்து வந்து, யார் எவ்வளவு என்று அறிவிக்கத் தயாரானான். பெரியவர் தலையைத் தூக்காமலே, "மைக்குல பேரு வேண்டாம்ப்பா, பாட்டப் போடு" என்றார். அவன் முகம் சுருங்கிவிட்டது. தொகை ஒலிபெருக்கியில் கேட்டால் வசூல் கூடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்தக் கணக்கை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கூடத்தில் இல்லை. ஆனால் வரிசையில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களும், முந்தானை முடிச்சை இன்னும் அவிழ்க்காத அப்பத்தாக்களும் நின்றார்கள். ஐம்பது ரூபாய் கொடுத்தவரிடமும் ஐயாயிரம் கொடுத்தவரிடமும் அதே தணிந்த குரலில் ஊர் கேட்டு, அதே அளவு எழுத்தில் பதிந்தார். ஒரு படி அரிசி கொண்டுவந்த அம்மாவுக்கு 'அரிசி, ஒரு படி' என்று ஒரு முழு வரி ஒதுக்கினார். சீருடை தைத்துத் தருவதாகச் சொன்ன தையல்காரரின் சொல்லும் நோட்டில் ஏறியது. ஓர் அப்பத்தா எழுதச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். படித்துக் காட்ட வேண்டும் என்றார். பெரியவர் அவர் காதருகே குனிந்து படித்துக் காட்டினார்.

விளக்கு வைக்கும் வரை எழுதினார். ரூபாய் நோட்டுகளை வகை பிரித்து ரப்பர் போட்டு, கூட்டுத்தொகையின் கீழ் என்னிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பைசா குறையாமல் ஒப்படைத்தார். எழுதுகூலியை நீட்டியபோது, சாப்பாடு நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடந்தார். புண்ணைத் தொடும் கை எவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும் என்று புதிதாக வரும் செவிலியருக்குச் சொல்லித்தருவது என் வேலை. இல்லாமையைத் தொடும்போதும் அந்த மெதுவு வேண்டும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. என் இரவுப் பணிகளைப் பங்கு போட்டுக்கொண்ட தோழிகள், விடுப்புக் கடிதத்தைக் கோபத்தோடு வாங்கிக் கனிவோடு கையெழுத்திட்ட மேற்பார்வையாளர், பள்ளிவாசல் தெருவிலிருந்து பிரியாணி அண்டா அனுப்பியவர்கள், மாதர் சங்கத்து அக்காக்கள், கோயில் கமிட்டியிலிருந்து நாற்காலி இறக்கிய இளைஞர்கள், மாமியாரைச் சமாதானப்படுத்திய என் மதினி, எல்லாருக்கும் என் வணக்கம்.

செய்முறையைத் திருப்பிச் செய்யாதவர் வீட்டை நம் ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். இந்த நோட்டைத் திருப்ப என்னிடம் அவ்வளவு பணம் ஒருபோதும் சேராது. ஆனால் அதில் பெயருள்ள எந்த வீட்டிலாவது ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், எந்த ஆஸ்பத்திரி, எந்த நேரம் என்று பார்க்காமல் வந்து நிற்பேன். ஊர் திரும்பியதும் அதற்கென்று தனி வரி போட்டுக் கணக்கு வைத்துக்கொள்வேன். செலவுக் கணக்கை விருந்து நடந்த கூடத்தின் பலகையில் மாதந்தோறும் என் தம்பி ஒட்டுவான். மீதம் ஏதும் இருந்தால் எங்கள் பிரிவில் வாங்க வழியில்லாத நோயாளிகளுக்கு அழுத்தக் கட்டுத் துணிகள் வாங்கப்படும்.

தேவையான தொகை நிறைந்துவிட்டதால் இனி யாரும் பணம் அனுப்ப வேண்டாம். ஊர்ப் பெயரோ தகப்பனார் பெயரோ தவறாகப் பதிந்திருந்தால் புறப்படுவதற்குள் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். திருத்தும் உரிமை எனக்கில்லை, பெரியவரைத்தான் வரவழைக்க வேண்டும்.