வெள்ளைக்கல் எல்லாம் ஒரே கல் அல்ல: தரம் 8 பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

எதிர்வரும் மூன்று வாரங்களும் தரம் 8 மாணவர்கள் விஞ்ஞான பாடத்தில் கனியங்களை இனங்காணப் பழகுவார்கள். ஒவ்வொருவரும் ஆறு மாதிரிகளைச் சேர்த்து, வீட்டிலேயே சோதித்து, குறிப்புகளோடு கொண்டுவர வேண்டும். பெயர் ஒட்டி விற்கும் கற்பெட்டிகளைத் தயவுசெய்து வாங்கிக் கொடுக்க வேண்டாம். பெயர் முன்னமே தெரிந்துவிட்டால் பிள்ளை கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது.

கொழும்பில் கல்லுக்கு எங்கே போவது என்று யோசிக்கத் தேவையில்லை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு பிடி சல்லி கேட்டு வாங்கினாலே போதும். சல்லி ஒரு கனியம் அல்ல, பல கனியங்கள் சேர்ந்த பாறை. அதன் உடைந்த முகத்தை வெயிலில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். உடைந்த போத்தல் துண்டு போல ஒழுங்கற்ற முகத்தோடு தெரியும் சாம்பல் மணி குவாட்ஸ். ஒரு கோணத்தில் மட்டும் தட்டையாகப் பளிச்சிடும் வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு மணி பெல்ஸ்பார். ஊசி முனையால் நெம்பினால் ஏடு ஏடாக உரியும் கறுப்புத் துணுக்கு மைக்கா.

பிள்ளைகள் அதிகம் தவறுவது நிறத்தை நம்பித்தான். குவாட்ஸ், பெல்ஸ்பார், கல்சைட் மூன்றும் வெள்ளையாக வரும். அவற்றைப் பிரிப்பது கடினத்தன்மை. 1812இல் பிரெட்ரிக் மோஸ் என்ற கனியவியலாளர் வகுத்த அளவில் கல்சைட் 3, பெல்ஸ்பார் 6, குவாட்ஸ் 7; எண் கூடியது எண் குறைந்ததைக் கீறும். நகம் ஏறத்தாழ 2.5, இரும்பாணியும் கண்ணாடியும் சுமார் 5.5. ஆகவே ஆணி கீறினால் அந்த வெள்ளைக்கல் கல்சைட்டாக இருக்கலாம்; கல் கண்ணாடியைக் கீறினால் மற்ற இரண்டில் ஒன்று. புத்தகங்களில் வரும் செப்பு நாணயத்துக்குப் பதிலாக நமது இப்போதைய உருக்கு நாணயத்தை எடுத்தால் விடை பிழைக்கும். ஒரு துண்டு செப்புக் கம்பியைப் பயன்படுத்துங்கள். கீறிய இடத்தை ஈர விரலால் துடைத்துப் பார்ப்பதும் அவசியம். கோடு அழிந்துவிட்டால் அது கீறல் அல்ல, ஆணியிலிருந்து உதிர்ந்த தூள். வெயிலும் மழையும் பட்டு இளகிய மேற்பரப்பில் சோதித்தால் பெல்ஸ்பார் போன்ற கடினமான கல்லும் மென்மையான கல்லாகவே தோன்றும். புதிதாக உடைந்த முகத்தையே கீற வேண்டும்.

அடுத்தது வினாகிரி. முதலில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். காய்ந்த, துளையுள்ள கல்லிலிருந்து காற்றுக் குமிழி வரும். பலர் அதையே கல்சைட் என்று எழுதிவிடுகிறார்கள். தண்ணீரில் குமிழி நின்ற பிறகு வினாகிரி விட்டு, மீண்டும் நுரைத்தால்தான் கல்சைட். கல்சைட்டைப் போன்ற தொலமைட் என்ற கனியம் கட்டியாக இருக்கும்போது அநேகமாக நுரைக்காது. சுரண்டித் தூளாக்கினால்தான் மெதுவாக நுரைக்கும். வகுப்பறை வெண்கட்டியிலும் இதைச் செய்யலாம்: நுரைத்தால் கல்சியம் காபனேற்று, நுரைக்காவிட்டால் பெரும்பாலும் ஜிப்சம். வினாகிரி மந்தமாக இருக்கிறதே என்று கழிவறை சுத்தமாக்கும் திரவத்தை எடுக்க விடாதீர்கள். அதில் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கக்கூடும். கண்ணில் தெறித்தால் ஆபத்து.

அடர்த்திக்குச் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். கல்லைத் தனியே நிறுங்கள். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் அமிழ்த்துங்கள். தராசு காட்டும் கிராமே கல்லின் கனவளவு, கன சென்ரிமீற்றரில். 53 கிராம் கல் 20 காட்டினால் 53ஐ 20ஆல் வகுக்க 2.65, அதாவது குவாட்ஸின் அடர்த்தி. கல்சைட் 2.71 என்பதால் இவ்விரண்டையும் இம்முறையால் பிரிக்க முடியாது. ஆனால் 4 அளவில் வரும் குருந்தம், கார்னட் போன்றவை உடனே தனித்துத் தெரியும். கல் சிறிதானால் ஒரு கிராம் பிழையே விடையைக் குலைத்துவிடும். ஐம்பது கிராமுக்குக் குறையாத கல்லாக எடுங்கள். மாதிரி உப்புக்கட்டியானால் அதை மட்டும் தண்ணீரில் போட வேண்டாம், கரைந்துவிடும்!

குருந்தம் என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் கொரண்டம் ஆனது. நீலமும் மாணிக்கமும் அதுவே, கடினம் 9. இதைக் கேள்விப்பட்டதும் அம்மாவின் மோதிரக் கல்லைக் கண்ணாடியில் கீறிப் பார்க்கச் சில பிள்ளைகளுக்கு ஆசை வரும். கீறல் சோதனை நகைக்கு ஆகாது, கல் விளிம்பில் சிதறலாம்.

பயன்களைத் தனியாக மனப்பாடம் செய்விக்காதீர்கள், இயல்பிலிருந்தே கேளுங்கள். போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் (கிராபைட்) ஏன் பென்சிலாகிறது? அதன் ஏடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, தாளில் ஒட்டிக்கொள்வதால். அதே வழுக்கலால்தான் இறுகிய பூட்டுக்கும் காரீயத் தூள் போடுகிறோம். மைக்கா வெப்பத்தைத் தாங்கும், மின்னைக் கடத்தாது. அதனால் ரோஸ்டரின் சூட்டுக் கம்பி மைக்காத் தகட்டில் சுற்றப்படுகிறது. பொரலஸ்கமுவையின் வெண்களி பீங்கானாகிறது. புல்மோட்டையின் கறுப்பு இல்மனைட் மணலிலிருந்து வெள்ளைப் பெயின்றுக்கான தைற்றேனியம் ஈரொட்சைட்டு கிடைக்கிறது. கறுப்பிலிருந்து வெள்ளை எப்படி என்று பிள்ளை கேட்டால், நல்ல கேள்வி என்று சொல்லி வகுப்புக்கு அனுப்புங்கள்.

கல் உடைக்கும்போது தடித்த துணியில் சுற்றி, கண்ணாடி அணிந்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கல்லைக் காய்ந்த நிலையில் அரைக்கக்கூடாது. குவாட்ஸ் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தெரியாத எதையும் நாக்கில் வைக்க வேண்டாம்.

சனிக்கிழமை ஓய்வு கிடைத்தால் கொழும்பு 7இல் உள்ள தேசிய இயற்கை வரலாற்று நூதனசாலைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். அருகிலுள்ள வீதி ஆனந்த குமாரசுவாமியின் பெயரைத் தாங்கியது. கலை வரலாற்றாசிரியராகவே அவரை நாம் அறிவோம். அதற்கு முன்னர் இலங்கைக் கனிய அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளராக இருந்து, 1904இல் தோரியனைட் என்ற கதிரியக்கக் கனியத்தின் கண்டுபிடிப்பில் பங்கு கொண்டவரும் அவரே.

மாதிரிகளை முட்டை அட்டையில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்றால் ஒரு புள்ளி இட்டு, காய்ந்ததும் இலக்கம் எழுதி, அதே இலக்கத்தில் குறிப்பும் இருக்கட்டும்: எங்கே எடுத்தது, நிறம், கீறல், வினாகிரி, அடர்த்தி. பெயரைக் கடைசியில் பென்சிலால் எழுதட்டும். தவறாக இருந்தாலும் வீட்டில் திருத்த வேண்டாம், எந்தச் சோதனையில் பிழைத்தது என்பதை வகுப்பில் சேர்ந்து தேடுவோம்.

இவ்வண்ணம்,
அதிபர்