மூங்கில் புதரை ஏன் இன்னும் வெட்டவில்லை?

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மூங்கில் புதரை வெட்டி, சருகைக் கூட்டிக் கொளுத்திவிடலாமே, பாம்பு வந்தால் என்ன செய்வது என்று போன கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். நியாயமான பயம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருந்துகொண்டு பாம்பே வராது என்று நான் சொல்ல முடியாது. அதனால் வகுப்பறைச் சுவரை ஒட்டியும் கழிப்பறைக்குப் போகிற வழியிலும் செதுக்கிச் சுத்தம் செய்தாகிவிட்டது. ஆனால் புதரை மட்டும் இப்போதைக்குத் தொடப்போவதில்லை. உள்ளே ஒரு குருவி கூடு கட்டியிருக்கிறது.

புள்ளிச் சிலம்பன் என்று பெயர். கிட்டத்தட்ட சிட்டுக்குருவி அளவு, பழுப்பு முதுகு, செம்பழுப்பு உச்சந்தலை, வெள்ளைத் தொண்டை. பெயரில்தான் புள்ளி, மார்பில் இருப்பதென்னவோ கோடு கோடாக. காலை வழிபாட்டு நேரத்தில் யாரோ விசிலடிக்கிறார்கள் என்று இரண்டு நாள் ஏழாம் வகுப்புப் பையன்களை முறைத்துக்கொண்டிருந்தேன், அப்புறம்தான் தெரிந்தது அடித்தது இது என்று! (பையன்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.)

இது மரக்கிளையில் கூடு கட்டுவதில்லை, தரையிலேயே காய்ந்த இலையையும் புல்லையும் வைத்துக் குடிசை மாதிரி கட்டி, பக்கவாட்டில் ஒரு வாசல் விடுகிறது. பார்த்தால் சருகுக் குவியல்தான். நானே மிதித்திருப்பேன், காலுக்குப் பக்கத்திலிருந்து எலி ஓடுவதுபோல ஏதோ ஓடியது, குனிந்து பார்த்தால் உள்ளே முட்டைகள். பறக்காமல் ஓடியது தாய்ப்பறவை. இரையும் அந்தச் சருகுக்குள்தான், அலகால் இலையைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தேடுகிறது. சருகைக் கொளுத்தினால் அதற்கு வீடும் போச்சு, சாப்பாடும் போச்சு. போன வருடம் கொளுத்தச் சொன்னது நான்தான், அப்போது இதெல்லாம் தெரியாது.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். பள்ளி விட்டதும் "கூட்டைப் பார்க்கிறேன்" என்று பிள்ளைகள் உள்ளே நுழைய வேண்டாம், பந்து விழுந்தால்கூட ஆசிரியரிடம் சொல்லட்டும். விடுமுறை நாளில் அந்தப் பக்கம் ஆடு ஓட்டிவிடாதீர்கள். குஞ்சுகள் கூட்டை விட்டுப் போனதும் புதரை அளவாக வெட்டிவிடலாம், சருகு மட்டும் அங்கேயே கிடக்கட்டும்.

யார் வீட்டிலாவது பைனாகுலர் இருந்தால் ஒரு வாரத்துக்குக் கொடுத்து உதவுங்கள். வராந்தாவிலிருந்தே காட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்