லிங்கன்ஷயர் போசி: ஒத்திகைக்கு முன் கயலுக்கு

அன்புள்ள கயல்,

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். பெர்சி கிரெய்ஞ்சர் பேண்டுக்கு அமைத்த ஆறு பகுதி இசையான 'லிங்கன்ஷயர் போசி'யில் ஐந்தாவது பகுதியை விட்டுவிட்டு மற்ற ஐந்தை மட்டும் வாசிக்கலாமா? விடக்கூடாது என்றால், அதில் வரும் 'இரண்டரைக்கு நாலு', 'ஒன்றரைக்கு நாலு' பார்களையெல்லாம் (தாளக் கட்டங்களையெல்லாம்) நாலுக்கு நாலாகத் திருத்தி எழுதிக் கொடுக்கலாமா? இரண்டும் வேண்டாம். அந்த அரை அடிகள்தான் இந்த இசையின் உயிர். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல மெட்டு கொண்ட ஓர் அணிவகுப்புப் பாட்டு மட்டும்.

மெட்டுகள் பெர்சி கிரெய்ஞ்சருடையவை அல்ல என்பது உனக்குத் தெரியும். இங்கிலாந்தின் கிழக்கில் லிங்கன்ஷயரில், பிரிக் என்ற சிறு ஊரைச் சுற்றியிருந்த முதியவர்கள் பாட, கடைசி மெட்டைத் தவிர மற்றவை அவர் 1905-இலும் 1906-இலும் கேட்டு எழுதிக்கொண்டவை. 1906-இல் மெழுகு உருளையில் பதிவு செய்யும் ஃபோனோகிராஃபையும் கொண்டுபோனார். நாட்டுப்பாடல் சேகரித்த வேறு பலர் மெட்டை ஒழுங்குபடுத்தி, ஒரே தாளத்துக்குள் அடக்கி எழுதினார்கள். இவர் உருளையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பாடியவர் எங்கே மூச்சு வாங்கினார், எந்தச் சொல்லை இழுத்தார், எந்த வரியை அவசரமாக முடித்தார் என்பதையெல்லாம் குறித்துக்கொண்டார். 1937-இல் பேண்டுக்கு அமைக்கும்போது அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே எழுதினார். ஒவ்வொரு பகுதியும் ஒரு பாட்டின் படம் மட்டுமல்ல, அதைப் பாடிய ஆளின் படமும்கூட. பாரில் வரும் அரை, ஒரு கிழவர் மூச்சு வாங்காமல் அடுத்த வரிக்குத் தாவிய இடம்.

1937 மார்ச் 7 அன்று மில்வாக்கியில் அமெரிக்க பேண்ட்மாஸ்டர்கள் சங்க மாநாட்டில் இது அரங்கேறியபோது மூன்று பகுதிகளே வாசிக்கப்பட்டன. இந்தத் தாளங்களைக் கண்டு முரண்டு பிடிப்பவர்கள் பழகித் தேர்ந்த தொழில்முறைக்காரர்கள்தான் என்று கிரெய்ஞ்சரே ஸ்கோரின் (எல்லா வாத்தியங்களின் இசையும் சேர்ந்த ஏட்டின்) குறிப்பில் எழுதினார். உன் பேண்டில் நாற்பத்திரண்டு பேரும் மாலையில் வேலை முடித்து வந்து வாசிப்பவர்கள். அது குறையில்லை. நாலுக்கு நாலு அவர்கள் கையில் இன்னும் இறுகிப்போகவில்லை.

முதல் வேலை, எந்தப் பதிப்பு வைத்திருக்கிறாய் என்று பார். பழைய அச்சில் முழு ஸ்கோர் கிடையாது, சுருக்க ஸ்கோர்தான். பார்ட்டுகளிலும் (ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனித் தாள்களிலும்) பிழைகள் மலிந்திருந்தன. பேண்ட் கண்டக்டர் ஃபிரடரிக் ஃபென்னல் அவற்றைத் திருத்தி 1987-இல் முழு ஸ்கோர் வெளியிட்டார். உன் நூலகத்தில் பழைய பார்ட்டும் புதிய ஸ்கோரும் கலந்திருந்தால் முதல் ஒத்திகையிலேயே தகராறு வரும். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஹார்ன், சாக்ஸபோன், பாஸ் கிளாரினெட் பார்ட்டுகளை ஸ்கோரோடு வரிக்கு வரி ஒப்பிடு. ஒத்திகையில் பிழை தேடினால் நாற்பத்தொரு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது ஐந்தாவது, 'லார்ட் மெல்பர்ன்'. போர்ப்பாட்டு. பாடியவர் ஜார்ஜ் ரே, கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். பாட்டின் நாயகன் உண்மையில் மார்ல்பரோ பிரபு. வாய்வழியாக வந்ததில் பெயர் மெல்பர்ன் ஆகிவிட்டது. அதே மார்ல்பரோ பிரபுவைப் பற்றிய வேறொரு மெட்டின் துணுக்கு முதல் பகுதியில் ஹார்ன்களில் குறுக்கே வரும். ஹார்ன்காரர்களிடம் இதைச் சொல். தாங்கள் வாசிப்பது ஒத்தூதல் அல்ல, இன்னொரு பாட்டு என்று தெரிந்தால் தானாகவே எடுப்பாக வாசிப்பார்கள்.

ஐந்தாவதன் தொடக்கத்துக்குத் தாளமே இல்லை. பித்தளை வாத்தியங்கள் முழங்கும். ஒவ்வொரு சுரத்தின் நீளமும் கண்டக்டரின் விருப்பம். நீ ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கீழ் அடி கொடுக்க வேண்டும். இங்கே மூன்று தவறு நடக்கும். முதலாவது, அடித்த கை துள்ளி மேலே எழுவதை ட்ரம்பெட்காரர்கள் அடுத்த அடி என்று எடுத்துக்கொள்வார்கள். அடித்ததும் கையை அங்கேயே நிறுத்து; அடுத்த சுரம் வேண்டும்போது மட்டும் உயர்த்து. உயரும் வேகமே அவர்களுக்கு மூச்சு. இரண்டாவது, ட்ராம்போன்கள் பழைய சுரத்தை விடாமல் பிடித்திருக்க, மற்றவர்கள் அடுத்ததற்குப் போயிருப்பார்கள். இடைவெளி இல்லாமல் மாற வேண்டும் என்று சொல்லிவிட்டு, கீழ்ப்பித்தளையை மட்டும் தனியாக நாலு முறை வாசிக்க வை. மூன்றாவதுதான் மோசமானது: நாலு வாரம் போனதும் உன் 'விருப்பம்' ஒரே மாதிரி ஆகிவிடும், அவர்கள் உன்னைப் பார்க்காமலே வாசிப்பார்கள். ஒவ்வொரு ஒத்திகையிலும் வேண்டுமென்றே வேறு சுரத்தை நீட்டு. பாட்டின் சொற்களைத் தேடி எடுத்து சுரங்களுக்குக் கீழே பென்சிலால் எழுதச் சொல்லி, வாத்தியம் இல்லாமல் ஒருமுறை பாட வை. சொல் தெரிந்தவுடன் எந்தச் சுரத்தை இழுப்பது என்று உனக்கும் தெரிந்துவிடும்.

பிறகு வரும் பார்களில் இரண்டரைக்கு நாலு என்றால் கால் நோட் இரண்டு, அரைக்கால் நோட் ஒன்று. உனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த சொற்கட்டு இங்கே உதவும். 'தக தக த' என்று சொல்லிக் கையடி. ஒன்றரை என்றால் 'தக த'. அடுத்த பாரின் முதல் 'த' தாமதமாக வருவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அரை அடிக்குப் பின் உடல் தானாகவே ஓய்வு எடுக்கப் பார்க்கும். அந்த ஒற்றை 'த'வைச் சுருக்கமாகச் சொல்லி உடனே தாவச் சொல். உன் பேண்டில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லாவிட்டாலும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். எண்ணுவதைவிட வாயால் சொல்வது விரைவில் உடம்பில் ஏறும். மெட்ரோனோமை அரைக்கால் நோட்டுக்கு வை, கால் நோட்டுக்கு வைத்தால் அரை வரும் இடத்தில் அதுவே குழப்பும்.

மூன்றாவது, 'ரஃபர்ட் பார்க் போச்சர்ஸ்', ஐந்தாவதைவிடக் கடினம் என்பேன். 1851-இல் நாட்டிங்ஹாம்ஷயர் ரஃபர்ட் பூங்காவில் கள்ள வேட்டைக்காரர்களுக்கும் காவலாளிகளுக்கும் நடந்த சண்டையில் ஒரு காவலாளி இறந்தார். பாட்டு வேட்டைக்காரர்கள் பக்கம் நின்று பேசுகிறது. பாடியவர் சாக்ஸ்பி-ஆல்-செயின்ட்ஸ் ஊர் ஜோசப் டெய்லர், எழுபது கடந்தவர். அவர் குரல் இன்றும் இருக்கிறது: 1906 உருளைகளிலும், 1908-இல் லண்டன் கிராமஃபோன் கம்பெனி வெளியிட்ட தட்டுகளிலும். ஒத்திகையில் இரண்டு நிமிடம் ஒலிக்க விடு. அந்த வயதிலும் குரலில் இருந்த நெளிவுகளைக் கேட்டால், பார்ட்டில் உள்ள சின்னச் சின்ன அலங்காரச் சுரங்களை யாரும் அவசரமாக உதறமாட்டார்கள்.

இந்தப் பகுதிக்கு ஏ, பி என்று இரண்டு தொடக்கம். ஏ-யில் தனி வாசிப்பு ஃப்ளூகல்ஹார்னுக்கு (ட்ரம்பெட் போன்ற, மென்மையான ஒலியுள்ள வாத்தியம்), பி-யில் சோப்ரானோ சாக்ஸபோனுக்கு. பார்ட்டில் இரண்டுமே அச்சாகியிருக்கும், ஆகவே பாதிப் பேர் ஏ-யும் பாதிப் பேர் பி-யும் வாசிக்கும் கூத்து நடக்கும். முதல் நாளே முடிவெடுத்து, வேண்டாததை எல்லாப் பார்ட்டிலும் பென்சிலால் அடித்துவிடு. கையில் உள்ள ஆளைப் பார்த்து முடிவு செய். சோப்ரானோ சாக்ஸ் சுருதி தள்ளாடும் வாத்தியம்; அதை வாரம் ஒருமுறை மட்டும் தொடுபவரிடம் இதைக் கொடுக்காதே.

தொடக்கத்தில் மரவாத்தியங்கள் நாலு, இரண்டு இரண்டாக, வெவ்வேறு ஸ்தாயியில் ஒரே மெட்டை வாசிக்கும். இரண்டாவது சோடி அரைக்கால் நோட் தள்ளித் தொடரும். பிக்கோலோ (சிறு புல்லாங்குழல்) உச்சியில், தாழ்ந்த வாத்தியம் அடியில், நடுவே ஒன்றுமில்லை. மறைந்துகொள்ள இடம் கிடையாது. நாலு பேரையும் முதல் மூன்று வாரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வை. முதலில் முன்சோடி மட்டும், அரைக்கால் நோட் நிமிடத்துக்கு 80. பிறகு பின்சோடி மட்டும், அதே வேகம். பிறகு பின்சோடி வாசிக்க முன்சோடி கைதட்ட, அப்புறம் மாற்றி. நாலும் சேர்வது நாலாவது முறைதான். சேர்ந்ததும் பின்சோடி ஓடி முன்சோடியைப் பிடித்துவிடும். காது ஒன்றாகச் சேரத்தான் ஆசைப்படும். அவர்களைத் தங்கள் அடியையே கேட்கச் சொல், மெட்டைக் கேட்க வேண்டாம். பிக்கோலோ எப்போதும் கொஞ்சம் ஏறும். சுருதி சேர்க்கும்போது தாழ்ந்த வாத்தியம் முதலில், பிக்கோலோ கடைசியில்.

ஐந்துக்கு எட்டு பார்களில் 'தக தகிட'வா, 'தகிட தக'வா என்பதைச் சொல் அழுத்தம் முடிவு செய்யட்டும். ஸ்கோரில் ஒவ்வொரு பாரின் மேலேயும் 2+3 அல்லது 3+2 என்று நீயே எழுதிவிடு. மேடையில் யோசிக்க நேரம் இருக்காது.

இரண்டாவது, 'ஹார்க்ஸ்டோ கிரேஞ்ச்', கேட்க எளிது, சுருதியில் ஆளைக் கொல்லும். டி-ஃப்ளாட்டில் இருக்கிறது. புல்லாங்குழலில் எல்லாச் சாவிகளும் திறந்த நடு டி-ஃப்ளாட் ஏறிப்போகும். வலது கை விரல்கள் இரண்டைச் சேர்த்து மூடினால் இறங்கும். கிளாரினெட்டில் ஐந்தாவது சுரம் 'தொண்டை' எனப்படும் நடுப் பகுதியின் பி-ஃப்ளாட்டாக வரும், மெலிந்த ஒலி, அதுவும் ஏறும். வலது கை விரல்களை மூடி வைத்தால் உருண்டையாகும். இதற்கு மட்டும் பதினைந்து நிமிடம் ஒதுக்கு, மற்றவர்களை அந்த நேரம் வீட்டுக்கு முன்னதாக அனுப்பிவிடு.

நாலுக்கு நாலும் ஐந்துக்கு நாலும் மாறி மாறி வரும். பாடியவர் ஜார்ஜ் கோல்ட்தார்ப், மென்மையான மனிதர் என்று கிரெய்ஞ்சர் எழுதியிருக்கிறார். பாரின் முடிவில் நிற்காதே, வாக்கியத்தின் முடிவில் நில். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் ஓட்டை விழும். ஒரே பார்ட்டை வாசிக்கும் இருவரில் ஒருவர் ஒற்றைப்படை வாக்கிய நடுவில், மற்றவர் இரட்டைப்படை வாக்கிய நடுவில் மூச்சு எடுக்கட்டும். பென்சிலில் குறிக்கச் சொல். ட்ரம்பெட் தனி வாசிப்பின்போது கீழே பிடித்திருக்கும் சுரங்கள் தேயாமல் இருக்க வேண்டும், அதே சமயம் ஏறவும் கூடாது. ட்ரம்பெட்காரர் பயந்து மெதுவாக வாசிப்பார். சத்தமாக என்று சொல்லாதே, தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் என்று சொல்.

முதல் பகுதி 'லிஸ்பன்' ஆறுக்கு எட்டு, கடல் ஆட்டம். மியூட் (ஒலியை அடக்கும் அடைப்பான்) போட்ட ட்ரம்பெட் சுருதி ஏறும், சுருதிக்குழாயைச் சற்று இழு. மியூட்டை எடுத்ததும் திரும்பத் தள்ள நினைவூட்டு. நாலாவது, கடலோடி திரும்பி வந்து காதலியைக் கைப்பிடிக்கும் பாட்டு, கிளாரினெட்டுகளின் ஓட்டம் தெளிவாக இருந்தால் போதும். வீட்டில் மெதுவாகப் பயிற்சி செய்யாமல் அது வராது.

கடைசி, 'த லாஸ்ட் லேடி ஃபவுண்ட்', கிரெய்ஞ்சர் தானே சேகரித்தது அல்ல, லூசி பிராட்வுட் சேகரித்தது. நாடோடிகள் கடத்திப்போன பெண் கிடைக்கிறாள், கொலைப்பழி சுமந்த சித்தப்பா தூக்கிலிருந்து தப்புகிறார். மூன்றுக்கு நாலை பாருக்கு ஓர் அடியாகக் காட்டு. நாலு பாரைச் சேர்த்து நாலடி போல அடித்தால் வாக்கியம் தெரியும். டி டோரியன், ஆகவே ஆறாவது சுரம் பி, பி-ஃப்ளாட் அல்ல. சாதாரண மைனர் பழகியவர்கள் கை தானாக பி-ஃப்ளாட்டுக்குப் போகும். முடிவில் மணிகள், சைலஃபோன், க்ளாக்கன்ஸ்பீல் எல்லாம் சேரும். தாளவாத்தியக்காரர்கள் எத்தனை பேர் வேண்டும், யார் எங்கிருந்து எங்கே நகர்வது என்று காகிதத்தில் வரைந்து கொடு. கடைசி நேரத்தில் ஆள் தேடாதே.

பதினோரு வாரத்தில், முதல் நாலு வாரம் மூன்றும் ஐந்தும் மட்டும், ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம். இரண்டாவது ஐந்தாம் வாரம். மற்ற மூன்றும் ஏழாம் வாரம் தொட்டால் போதும். முழுவதையும் வரிசையாக ஓட்டுவது பத்தாம் வாரத்துக்கு முன் வேண்டாம், பதினாறு நிமிட இசை, உதடு களைத்துவிடும்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் ரஃபர்ட் தொடக்கத்தை மட்டும் ஃபோனில் பதிந்து அனுப்பு. பின்சோடி எந்தப் பாரில் ஓடுகிறது என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா