அட்டனிலிருந்து அண்ணனுக்கு

அட்டன், இலங்கை,
1936 டிசம்பர்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் வீட்டிலும் பிள்ளைகளும் சுகம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லோருடைய சுகமும் அறிய ஆவல்.

இந்தக் கடிதத்தை மணியக்காரர் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லாதீர்கள். பாதிரியார் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொடுங்கள். நம்ம வீட்டு விஷயத்தை அந்தத் திண்ணைக்குக் கீழே கைகட்டி நின்று கேட்டது போதும்.

கடல் தாண்டினால் சாதி இல்லையாமே, நாங்களும் வந்துவிடவா என்று கேட்டிருந்தீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

இந்தத் தேயிலைத் தோட்டத்துக் கூலியில் சாதி இல்லை. 1927இல் வந்த சட்டப்படி ஆணுக்கு, பெண்ணுக்கு, பிள்ளைக்கு என்று தனித்தனி ரேட். பெண்ணுக்குக் குறைவு, அது அநியாயம்தான். ஆனால் பறையனுக்கு ஒரு ரேட், குடியானவனுக்கு ஒரு ரேட் என்று கிடையாது. விடியற்காலை தப்புச் சத்தம் கேட்டதும் எல்லோரும் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓட வேண்டும். தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தி பிடித்தால் குடியானவரும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரை. அப்பா வாங்கிய கடனுக்கு நீங்கள் இன்னும் பண்ணையில் ஏர் ஓட்டுகிறீர்கள். அதை நினைத்தால் இது பெரிய காரியம். அட்டன் கடைத்தெருவிலும் காசு கொடுத்தால் எனக்கும் கண்ணாடிக் கிளாசில்தான் தேத்தண்ணி. கொட்டாங்கச்சி இல்லை.

வேலை முடிந்து லயத்துக்கு, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, திரும்பினால் ஊர்தான், அண்ணா. ஊரில் ஆள் சேர்த்து இங்கே வேலை வாங்கும் கங்காணிமார் ஆள் கட்டும்போதே சாதி சாதியாகக் கட்டிக் கூட்டிவந்தார்கள், லயமும் அப்படியே பிரிந்துவிட்டது. குடியான லயம் மேலே, நம்ம லயம் கீழே. இந்தத் தோட்டத்தில் பாதிக்கு மேல் நம்மவர்களும் பள்ளரும் சக்கிலியரும். ஆனால் பெரிய கங்காணி குடியானவர். அவர் வீட்டு வாசற்படி ஏற முடியாது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முற்றத்தில் நிற்க வேண்டும். நாம் வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அவருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு உண்டு. அப்படியிருந்தும் நாம் படியேறக் கூடாது.

மழை பிடித்துக்கொண்டால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லாப் பெண்களும் ஒட்டி உட்கார்ந்து ஒருத்தி வெற்றிலையை இன்னொருத்தி மடித்துப் போடுகிறார்கள். அதே குடியானப் பெண்கள் நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தால் பாக்கு எடுத்துக்கொள்வார்கள், மொய் எழுதுவார்கள், கை நனைக்க மாட்டார்கள். பசியோடே திரும்பிப் போவார்கள்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வாசல் பெருக்கும் வாசகூட்டி வேலை, கக்கூஸ் வேலை எல்லாம் சக்கிலியர் தலையில்தான். அவர்கள் வீட்டில் நம்ம ஆட்கள் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. கங்காணி முற்றத்தில் நம்மை நிறுத்துவது தப்பென்றால் இதுவும் தப்பு. இதைச் சொன்னதற்கு நம்ம லயத்திலேயே சிலர் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

இன்னொரு சேதி கேளுங்கள். மாசி மாதம் இந்த நாட்டுச் சட்டசபையான ஸ்டேட் கவுன்சிலுக்கு எலெக்‌ஷன் நடந்தது. இங்கே 1931 முதல் 21 வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் வோட்டு. நம்மைப் போல இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஐந்து வருஷம் இருந்து, நிரந்தரமாகக் குடியிருக்கப் போகிறோம் என்று சர்டிபிகேட் வாங்கினால் போதும். உங்கள் தம்பி பெண்சாதி குடியானப் பெண்களோடு ஒரே வரிசையில் நின்று வோட்டுப் போட்டாள். நம்ம சேரியில் வோட்டுள்ளவர் யார் இருக்கிறார்கள்? நடேசய்யர் ஜெயித்தார். தஞ்சாவூர்ப் பிராமணர், ஆனால் தோட்டத்து ஆட்களுக்காகச் சங்கம் வைத்துக் கங்காணிமாரை எதிர்த்துப் பேசுகிறவர். அவர் சம்சாரம் மீனாட்சியம்மாள் கூட்டத்தில் பாட்டுப் பாடினால் கூட்டம் கலையாது. தோட்டத்து ஆட்களுக்கு எதற்கு வோட்டு என்று கேட்கிறவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள், அதனால் இது எத்தனை நாளைக்கோ என்ற பயம் எனக்கு உண்டு.

போன மாதம் திருவாங்கூர் மகாராஜா கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்டாராம். இங்குள்ள வாத்தியார் பத்திரிகையைப் படித்துக் காட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமையே நம்ம பையன்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு உள்ளே போக வேண்டும் என்று கேட்டார்கள். திருவிழாவுக்குத் தப்படிக்க நம்மைக் கூப்பிடுகிறார்கள், வரியும் நம்மிடம் வாங்குகிறார்கள். அது திருவாங்கூர், இது என் கோயில் என்று சொல்லிவிட்டார் கங்காணி. உள்ளே விடாவிட்டால் வரியும் இல்லை, தப்படிப்பதும் இல்லை என்று பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான்.

நீங்கள் வருவதானால் எந்தக் கங்காணி முன்பணம் நீட்டினாலும் கைநாட்டு வைக்காதீர்கள். கடன் சீட்டைக் காட்டி ஆளைத் தோட்டம் மாற்றும் துண்டு முறையை 1921லேயே எடுத்துவிட்டார்கள். கப்பலேறுமுன் தங்கவைக்கும் மண்டபம் கேம்ப் செலவும் கப்பல் செலவும் இப்போது கூலிக்காரன் தலையில் விழாது. கடனென்று எவன் சொன்னாலும் பொய். கடனோடு வந்தால் பண்ணையை விட்டுக் கங்காணியிடம் மாட்டிக்கொண்டதாகத்தான் ஆகும்.

மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். அதில் பெரியவனுக்குச் சிலேட்டும் சட்டையும் வாங்கிப் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள். பண்ணையார் மாடு மேய்க்கக் கேட்டால், என் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை என்று என் பேரைச் சொல்லுங்கள். பதில் போடும்போது சேர்த்த தேதியை எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி