டாக்டரின் கையில் பேனா எதற்கு?

ஐயா,

அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகள் ஸ்கேனுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள் என்றதும் எல்லோரும் கேட்பது இன்னொரு இயந்திரம். ஸ்கேன் அறையில் செவிலியராக வெகுகாலம் இருந்தவள் நான். இயந்திரம் சும்மா நிற்க, டாக்டர் குனிந்து 'எஃப்' படிவம் எழுதிக்கொண்டிருப்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுத்தால் இந்தப் படிவம் கட்டாயம். கணவர் பெயர், முகவரி, ஏற்கெனவே உள்ள பிள்ளைகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, அனுப்பிய மருத்துவர் யார், எதற்காக ஸ்கேன் என்று நீளும். பாலினம் அறிய விரும்பவில்லை என்று தாயும், சொல்லவில்லை என்று டாக்டரும் கையொப்பமிட வேண்டும். இதை வெட்டி வேலை என்று சொல்ல மாட்டேன். பெண் சிசுவைக் கருவிலேயே கலைத்த ஊர்களுக்கு இது வேண்டும். பதிவில் குறை இருந்தாலே குற்றம் என்பதை 2019இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டதால், டாக்டர்கள் பிறரை நம்பிப் படிவத்தை விட அஞ்சுவதும் நியாயமே.

ஆனாலும் முகவரி எழுத, ஸ்கேன் பார்க்கும் நிபுணரான ஒரு ரேடியாலஜிஸ்ட் எதற்கு? பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர், அடையாள அட்டையையும் கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் அரசு தரும் பிக்மி எண்ணையும் பார்த்து வெளியிலேயே நிரப்பிவிடலாம். டாக்டர் சரிபார்த்து ஒப்பமிட்டால் போதும். பிரிட்டனில் மருத்துவரல்லாத சோனோகிராபர்களே கர்ப்பகால ஸ்கேன் எடுக்கிறார்கள். இங்கே சட்டம் தகுதி பெற்ற மருத்துவரைத்தான் அனுமதிக்கிறது. அந்த ஒருவரின் நேரத்தை எழுத்தர் வேலையில் கரைக்கிறோம்.

அடுத்த கோளாறு, எல்லோரையும் காலை எட்டு மணிக்கே வரச் சொல்வது. இரண்டாம் மாதத்துக்காரி, ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பதால், தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பொறுக்க முடியாமல் கழிவறைக்குப் போய் வந்தால் மறுபடியும் தண்ணீர், மறுபடியும் வரிசையின் கடைசி. ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் தாயை நடந்துவிட்டு வரச் சொல்வோம். அவர் திரும்பி வரும்போது எங்கே நுழைப்பது என்று வாசலில் சண்டை நடக்கும். ஆரம்ப மாதம், ஐந்தாம் மாதம், வளர்ச்சி பார்ப்பது என்று பிரித்து, மணி குறித்த டோக்கன் கொடுப்பதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

மிச்சமாகும் நேரத்தை அன்றைய எண்ணிக்கையைக் கூட்ட மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் இதயத்தின் நான்கு அறைகள், முதுகெலும்பு, மேலுதடு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். குறை ஏதும் தெரிந்தால் தம்பதியை உட்காரவைத்துப் பேசவும் வேண்டும். இப்போது அந்தப் பேச்சு, அடுத்தவர் செருப்பைக் கழற்றிக் கட்டிலில் ஏறிக்கொண்டிருக்கும்போதே நடந்து முடிகிறது.

ஓய்வு பெற்ற செவிலியர்,
திருச்சி.