கையடக்க ஜெல் அளவி பற்றிய புகார்: மூல அளவுகளைக் காட்டுங்கள், இல்லையென்றால் பணத்தைத் தாருங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். கடற்பாசியில் இருந்து அகாரும் அல்ஜினேற்றும் எடுத்து, காயத்துக்கு மேல் போடக்கூடிய ஹைட்ரோஜெல் (நீர் நிறைந்த கூழ்) செய்து பார்க்கிற சின்ன ஆய்வுகூடம் எங்களுடையது. ஒரு பொருள் எவ்வளவு இறுக்கம், எவ்வளவு வழிகிறது என்று அளக்கிற ரியோமீற்றர் வாங்க எங்களுக்குக் கட்டாது, அதனால்தான் ரியோமீற்றர் தருகிற அதே முடிவை இது உள்ளங்கையிலேயே தரும் என்று நீங்கள் போட்ட விளம்பரத்தை நம்பி இந்தக் கருவியை எடுத்தோம்.

வந்த பிறகு இரண்டு ஜெல்லை வைத்துப் பார்த்தோம். ஒன்று அகார், விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் உடனே பழைய வடிவத்துக்கு வந்துவிடும். மற்றது கல்சியம் குறைவாகப் போட்ட அல்ஜினேற், அழுத்திய குழி அப்படியே நின்று, மெல்ல மெல்ல வழிந்துதான் நிரம்பும். கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம், ஆனால் கருவி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டுகிறது. கேட்டால், மாதிரியைச் சரியாக வைக்கவில்லை என்று பதில் அனுப்புகிறீர்கள்.

காரணம் உங்கள் கைநூலின் கடைசிப் பக்கத்திலேயே, பொடி எழுத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பது 5 மெகாஹேர்ட்ஸில், அதாவது நொடிக்கு ஐம்பது இலட்சம் தடவை, அதிரும் குவாட்ஸ் பளிங்கு. அந்த அதிர்வு தண்ணீருக்குள் கால் மைக்ரோமீற்றர் ஆழம்தான் போகும். எங்கள் ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர், மேற்பரப்பிலும் நீர் கசிந்து படலமாக நிற்கும், அப்போது நீங்கள் அளப்பது ஜெல்லையா அந்தப் படலத்தையா? ரியோமீற்றரில் நாங்கள் ஒப்பிட வேண்டியது 1 ஹேர்ட்ஸ் அளவில், அதாவது நொடிக்கு ஒரு தடவை. மெதுவாக இழுத்தால் ஜெல்லுக்குள் இருக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வழுக்கி இடம் கொடுக்கும், வேகமாக அதிர்த்தால் அதற்கு நேரமே கிடைக்காது, ஆகவே ரியோமீற்றர் தருகிற எண்ணும் உங்கள் கருவி தருகிற எண்ணும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. மெல்லிய படலங்களுக்கு இது நல்ல முறைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படிச் சொல்லி விற்றிருக்க வேண்டும்.

அப்புறம் வெப்பநிலை. கருவி எல்லாவற்றையும் 25 பாகை என்றே எடுத்துக்கொள்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே பகலில் 35 பாகையைத் தொடும், தண்ணீரின் பாகுநிலையே அந்தப் பத்துப் பாகைக்குள் ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிடும். அந்த உலர் காற்றில் ஜெல் காய்ந்து இறுகுவது வேறு. மாதிரியை மூட ஒரு மூடிகூட நீங்கள் தரவில்லை.

காயத்தில் போடுகிற பொருள் இது. பிழையான எண்ணை நம்பி எதையும் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வராது.

மீள்தன்மையையும் பாகுநிலையையும் தனித்தனியாகக் காட்டுங்கள், பளிங்கின் அதிர்வெண் மாற்றமும் ஆற்றல் இழப்பும் கணக்குப் போடாத மூல அளவுகளாகவே கிடைக்கச் செய்யுங்கள், வெப்பநிலையை நாங்களே பதியவும் வழி வையுங்கள். மென்பொருளில் இதைச் செய்து தர முடியாது என்றால் கருவியைத் திருப்பி எடுத்து முழுப் பணத்தையும் தாருங்கள், அனுப்பும் செலவு உங்களுடையது. இரண்டில் எது என்று இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஆய்வுகூடப் பொறுப்பாளர்,
திருகோணமலை